யார் பேர்ல வாங்கினீங்க?

2007, தைப் பொங்கல் முடிந்த வாரம். கும்பகோணம் பெரிய தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஆறு கம்ப்யூட்டர் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்திவந்தேன். ஷட்டரைத் தூக்கி ஊதுவத்தி ஏற்றுவதற்குள், நான் வலைத்தளம் அமைத்துக் கொடுத்திருந்த ஐயா வந்துவிட்டார். ஸ்டாண்டு போடக்கூடப் பொறுமை இல்லாமல் சைக்கிளைச் சுவரில் சாத்தினார்.

"தம்பி, நம்ம படித்துறைக் கட்டுரைக்கு நூத்திப் பதினேழு பேரு எழுதியிருக்காங்க. ராத்திரி பையன் வீட்டுக் கம்ப்யூட்டர்ல பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஆளுங்களா இருக்கும். ஒண்ணு விடாம பதில் போடணும், உக்காருங்க" என்றார்.

அதற்கு முன் அவருடைய எந்தக் கட்டுரைக்கும் நாலு பின்னூட்டத்துக்கு மேல் வந்ததில்லை. திறந்து பார்த்தேன். நூற்றுப் பதினேழும் எரிதம். ஸ்பாமுக்குத் தமிழ்ப் பதிவர்கள் அன்று வைத்திருந்த பெயர் அது. ஆண்மை மாத்திரை, சூதாட்டம், வீட்டுக் கடன், கூச்சப்படாமல் வாய்விட்டுப் படிக்க முடியாத இன்னும் பல. டபீர் படித்துறையைப் பற்றி ஐயா எழுதியதன் கீழே அத்தனையும் வரிசையாக நின்றன. 'டபீர்' என்பது மராட்டியர் ஆட்சியில் ஒரு பதவியின் பெயர் என்று தொடங்கி, அந்தப் படிகளில் யார் யார் குளித்தார்கள், எந்தப் படியில் துணி துவைக்கக் கூடாது என்பதுவரை பத்து முழுத்தாளில் கையால் எழுதிக் கொடுத்திருந்தார். இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டு யுனிகோடில் அடித்து ஏற்றியவன் நான். பக்கத்து நாற்காலியில் பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருந்த அந்த மனிதரிடம், இவர்களில் ஒருவர்கூட மனிதர் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"அப்ப இதை நிறுத்த முடியாதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நிறுத்த முடியும் என்று தேடத் தொடங்கிய அன்றுதான் ஏபிஐ கீ என்ற சொல்லை முதல்முதலாகப் பார்த்தேன்.

அவருடைய தளம் வேர்ட்பிரஸில் ஓடிக்கொண்டிருந்தது. மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003 மே மாதம் வெளியிட்ட மென்பொருள். இடம் வாடகைக்கு எடுத்து, டொமைன் பதிந்து, எஃப்டிபி வழியாகக் கோப்புகளை ஏற்றி, தரவுத்தளம் ஒன்று உண்டாக்கி, கான்ஃபிக் கோப்பில் அதன் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதி, நானே நிறுவியது. இடத்துக்கு ஒரு லாகின், டொமைனுக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு ஒன்று, எஃப்டிபிக்கு ஒன்று, தளத்துக்குள் நுழைய 'அட்மின்' என்று ஒன்று. ஐந்தையும் ஒரு நாற்பது பக்க நோட்டின் முதல் தாளில் எழுதி வைத்திருந்தேன். ஒருவர் எழுதுவதற்கு ஐந்து பூட்டா என்ற சலிப்பு அப்போதே இருந்தது.

எரிதத்தைத் தடுக்கும் அகிஸ்மெட் என்ற செருகுநிரலைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. 2005 கடைசியில் வந்த 2.0 பதிப்பிலிருந்து அது வேர்ட்பிரஸோடு சேர்ந்தே வந்தது. இயக்கினேன். மேலே ஒரு பட்டை தோன்றி, அகிஸ்மெட் கிட்டத்தட்டத் தயார், வேர்ட்பிரஸ் டாட் காம் ஏபிஐ கீயை உள்ளிட்டால் வேலை செய்யும் என்றது.

அந்தக் கீ எங்கே இருக்கிறது? அட்மின் கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தேன். ஏற்கவில்லை. தரவுத்தளக் கடவுச்சொல், எஃப்டிபி கடவுச்சொல், இடம் வாடகைக்குத் தந்தவர்கள் அனுப்பிய ரசீதில் இருந்த வாடிக்கையாளர் எண் எல்லாவற்றையும் போட்டேன். நோட்டில் இருந்த எதுவும் அந்தப் பூட்டுக்குச் சேரவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. ஐயா வீட்டுக்குப் போகாமல் கூடவே இருந்தார்.

குழப்பம் பெயரில் இருந்தது. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது மென்பொருளை எடுத்துக்கொள்ளும் இடம். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அதே மென்பொருளைக் கொண்டு ஆட்டோமேட்டிக் என்ற நிறுவனம் நடத்தும் சேவை. அடுப்பு வாங்கி வந்து வீட்டில் சமைப்பது ஒன்று. மெஸ்ஸில் போய் இலை போட்டு உட்காருவது இன்னொன்று. இரண்டுக்கும் பெயர்ப்பலகை ஒரே மாதிரி இருந்தால் புதிதாக வருகிறவன் என்ன செய்வான்? நான் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தேன். சாவியோ மெஸ் கல்லாவில் இருந்தது. அதை வாங்க அங்கே கணக்கு ஒன்று தொடங்க வேண்டும். அந்தக் கணக்குக்கும் ஐயாவின் தளத்தின் அட்மினுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. இதைப் புரிந்துகொள்ள மாலை நாலு மணி ஆயிற்று.

பதிவுசெய்யும் பக்கத்தில் இரண்டு தெரிவுகள் இருந்தன. எனக்கு ஒரு வலைப்பதிவு வேண்டும் என்பது ஒன்று, பயனர்பெயர் மட்டும் போதும் என்பது மற்றது. இரண்டாவதை அழுத்தினேன். பயனர்பெயர் என்னுடையது, மின்னஞ்சல் என்னுடையது. சில நிமிடங்களில் அஞ்சல் வந்தது. அதில் ஆங்கிலச் சின்னெழுத்தும் எண்ணும் கலந்த பன்னிரண்டு எழுத்து. வெட்டி ஒட்டினேன். பட்டை பச்சையானது.

அந்தச் சாவி செய்த வேலையை ஐயாவுக்கு விளக்கினேன். இனி யார் பின்னூட்டம் எழுதினாலும் அவர் பெயர், மின்னஞ்சல், ஐபி முகவரி, உலாவியின் விவரம், எழுதிய வாசகம் எல்லாம் அகிஸ்மெட்டின் சேவையகத்துக்குப் போகும். சாவியே அந்த முகவரியின் முதல் துண்டாக இருக்கும். எந்த வீட்டிலிருந்து கேள்வி வந்திருக்கிறது என்று முகவரியைப் பார்த்தாலே தெரியும். அங்கிருந்து ஒரே ஒரு சொல் திரும்பி வரும், எரிதமா இல்லையா என்று. அது தவறாகப் பிடித்தால் நாம் திருத்திச் சொல்லலாம். நாம் சொல்லும் திருத்தம் உலகத்தின் மற்ற தளங்களுக்கும் பயன்படும். முல்லன்வெக் தன் தாயார் எழுத வந்தால் இந்தக் குப்பை அவர் கண்ணில் படக் கூடாதே என்றுதான் இதை உருவாக்கத் தொடங்கினார் என்பதைப் படித்தபோது, சுவரில் சாத்திய சைக்கிளும் மூடிய பேனாவும் நினைவுக்கு வந்தன. அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தச் செருகுநிரலை நான் இன்றும் மதிக்கிறேன்.

ஐயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாவியை யார் பேர்ல வாங்கினீங்க?" என்றார்.

"என் பேர்லதான் ஐயா. அதுல ஒண்ணும் இல்லை. இலவசம்தான்."

"சரி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவருடைய வீட்டுப் பத்திரத்தில் வடக்கெல்லையில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததற்காகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஆறு மாதம் நடந்தவர் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வியின் கனம் அன்று எனக்குப் புரியவில்லை.

பிரவுசிங் சென்டர் நடத்தியவனுக்கு அது புரிவது சிரமம்தான். அந்த நாட்களில் பாதி ஊருக்கு மின்னஞ்சல் திறந்து கொடுத்தவர்கள் நாங்கள். கவுன்சிலிங்குக்கு வரும் மாணவன், ரயில் டிக்கெட் போட வரும் பெரியவர், துபாய் மகனோடு பேச வரும் அம்மா எல்லோருக்கும் மெயில் ஐடி நாங்களே உண்டாக்குவோம், பாஸ்வேர்டு நாங்களே வைப்போம், மறந்துவிட்டு வந்து நிற்பார்கள் என்று டைரியில் எழுதியும் வைப்போம். என் டைரியில் முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஒருவருடைய அஞ்சலையும் நான் திறந்து படித்ததில்லை. அதை இன்றும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வேன். ஆனால் திறக்காமல் இருப்பதும் உரிமை இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கப் பதினேழு வருடம் ஆயிற்று.

ஐயாவின் தளத்தைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். ஒரு சங்கீத சபா, ஒரு பாத்திரக்கடை, நாற்றுப்பண்ணை வைத்திருந்த நண்பர், ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர். இரண்டு வருடத்தில் ஒன்பது தளம். ஒன்பதுக்கும் அதே பன்னிரண்டு எழுத்தைப் போட்டேன். அகிஸ்மெட் தனி மனிதர்களுக்குத்தான் இலவசம், வணிகத்துக்குக் கட்டணம் என்று எழுதியிருந்ததைப் படித்திருந்தேன். பாத்திரக்கடைக்காரரிடம் போய் இதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அது தவறு.

எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று காட்டும் புள்ளிவிவரச் செருகுநிரல் 2007இல் வந்தபோது அதுவும் அதே சாவியையே கேட்டது. எனக்கு மகிழ்ச்சி. 2008இல் வந்த 2.5 பதிப்பில், கான்ஃபிக் கோப்பில் ஒரு புதிய வரி சேர்ந்தது. உங்களுக்கே உரிய தனிச் சொற்றொடரை இங்கே இடுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். நுழைந்தவர்களின் குக்கீயை யாரும் போலியாகச் செய்துவிடாதபடி காப்பது அந்தச் சொற்றொடரின் வேலை. ஒரு கோப்பில் எழுதி, ஒன்பது தளத்துக்கும் பிரதி எடுத்தேன். தனிச் சொற்றொடர் ஒன்பது இடத்தில் இருந்தது.

சபாவின் கச்சேரி அறிவிப்புகள் தாமாகவே ட்விட்டருக்கும் போக வேண்டும் என்றார்கள். அன்றைய செருகுநிரல்கள் அதற்குச் சாவி எதுவும் கேட்கவில்லை. ட்விட்டர் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே கேட்டன. கொடுத்தேன். எல்லோரும் கொடுத்தார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வருகிறவனிடம் பீரோச் சாவி வரைக்கும் சேர்த்துக் கொத்தாகக் கொடுப்பது போன்ற காரியம் அது. அவன் திருடன் இல்லை என்பது விஷயமே இல்லை. அவனிடமிருந்து திரும்ப வாங்க வேண்டுமென்றால் வீட்டின் அத்தனை பூட்டையும் மாற்ற வேண்டும். இதற்கு மாற்றாக ஓஆத் என்ற முறை 2007 முடிவில் வகுக்கப்பட்டிருந்தது. வருகிறவனுக்குக் கொல்லைக் கதவுக்கு மட்டும் தனிச் சாவி, வேண்டாம் என்றால் அந்த ஒரு சாவியை மட்டும் செல்லாதாக்கிவிடலாம். 2010 ஆகஸ்ட் 31 முதல் ட்விட்டர் கடவுச்சொல்லை நேரடியாக ஏற்பதை நிறுத்தி ஓஆத்தைக் கட்டாயமாக்கியது. சபாவின் அறிவிப்புகள் மறுநாளே நின்றுபோயின. செயலரிடம் திட்டு வாங்கினேன். இன்று யோசித்தால் அந்த நாள் ஒரு நல்ல நாள்.

கடவுச்சொல் என்பதே எதற்காகப் பிறந்தது என்பதைப் பிற்பாடு படித்தேன். 1960களின் தொடக்கத்தில் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு, பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையை உருவாக்கியது. இயந்திரம் ஒன்று, கோப்புகளோ ஆளுக்கு ஆள் வேறு. இவருடையது இது, அவருடையது அது என்று பிரித்து வைக்கத்தான் ஆளுக்கொரு கடவுச்சொல் வந்தது. பகைவனைத் தடுக்கும் கோட்டை மதிலாக அது தொடங்கவில்லை. ஒரே கூரைக்குக் கீழ் வாழும் கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கொரு டிரங்குப் பெட்டி மாதிரித்தான் தொடங்கியது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், கடவுச்சொற்கள் இருந்த கோப்பை அச்செடுத்து மற்றவர்களின் பெயரில் நுழைந்து வேலையை முடித்துக்கொண்டார். அவர் பிறர் பெயரில் தான் நுழைந்தார். நான் பிறரை எல்லாம் என் பெயரில் நுழைத்திருந்தேன்.

2010இல் சென்டரை மூடினேன். கைப்பேசியில் இணையம் வந்த பிறகு ஆறு கம்ப்யூட்டருக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை. ஒரு கல்லூரியில் ஆய்வகப் பொறுப்பாளர் வேலை கிடைத்தது. மின்னஞ்சல் முகவரியையும் மாற்றிக்கொண்டேன். பழையதை எப்போதாவது திறப்பதோடு சரி.

2013இல் சபாவின் டொமைன் காலாவதி ஆயிற்று. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் அத்தனையும் நான் பார்க்காத அந்தப் பழைய முகவரியில் கிடந்தன. சபாவுக்கு ஒன்றுமே தெரியாது; தெரிவிக்கச் சொல்லி அவர்கள் முகவரியை நான் கொடுத்திருக்கவே இல்லை. நான் பார்த்தபோது டொமைன் வேறு யாருக்கோ போயிருந்தது, வாடகை இடமும் அழிக்கப்பட்டிருந்தது. 1970களிலிருந்து சேர்த்து வைத்திருந்த கச்சேரி நோட்டீஸ்களை ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தோம். காகிதங்கள் மழையில் நனைந்து போனதால், இனி இணையத்தில் பத்திரமாக இருக்கும் என்று நம்பித்தான் தந்தார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடியதில் பதினொரு நோட்டீஸ் கிடைத்தது. மீதி இல்லை. செயலர் என்னைக் கோபிக்கவில்லை. "நீங்க பாத்துக்குவீங்கன்னு இருந்துட்டோம்" என்றார். அதை நினைக்கும்போது இன்றும் தூக்கம் கெடுகிறது.

அதன் பிறகும் நான் ஐயாவின் தளத்தைப் பிரித்துக் கொடுக்கவில்லை. வருடா வருடம் நினைவாகப் பணம் கட்டினேன், பதிப்புகளை மேம்படுத்தினேன், அவர் எழுதித் தந்ததை ஏற்றினேன். அதையே பொறுப்பு என்று நினைத்தேன்.

2024 வைகாசியில் ஐயாவின் பேத்தி கூப்பிட்டாள். சென்னையில் வேலை பார்க்கிறாள், வீட்டிலிருந்தே வேலை என்பதால் ஒரு மாதம் ஊரில் இருக்கிறாள். "மாமா, தாத்தாவோட சைட்டை இனிமே நான் பாத்துக்கிறேன். லாகின் எல்லாம் எங்க இருக்கு?" என்றாள். அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஐயாவுக்கு எண்பத்தாறு. காது மந்தம். திண்ணையை ஒட்டிய அறையில் அவருடைய சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஒரு காலத்தில் ஐந்தாக இருந்த பூட்டு இப்போது எத்தனை என்று அவள் எண்ணத் தொடங்கினாள். டொமைன், வாடகை இடம், தரவுத்தளம், எஃப்டிபி, அட்மின். அப்புறம் வேர்ட்பிரஸ் டாட் காம் கணக்கு. அதைச் சார்ந்து அகிஸ்மெட், 2011இல் வந்த ஜெட்பேக், படம் காட்டும் கிராவட்டார். தொடர்புப் படிவத்துக்கு ரீகேப்ட்சாவின் இரண்டு சாவி, பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படக்கூடியது ஒன்று, யாருக்கும் காட்டக் கூடாதது ஒன்று. வரைபடத்துக்கு ஒரு சாவி. காப்புப்பிரதி போய்ச் சேரும் மேகக்கணக்கு. எண்ணிக்கை பதின்மூன்றில் நின்றது. பதின்மூன்றும் என் மின்னஞ்சலில். இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்த ஏழுக்கும் ஓடிபி என் கைப்பேசிக்கு.

"எல்லாமே உங்க பேர்ல இருக்கு மாமா" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. பட்டியலைப் படித்தாள், அவ்வளவுதான். எனக்கு 2007ஆம் வருடத்துச் 'சரி' காதில் விழுந்தது.

மூன்று நாள் வேலை. முதலில் தளத்துக்கென்றே தனியாக ஒரு மின்னஞ்சல் தொடங்கினாள், தாத்தாவின் பெயரில். தன் சொந்த முகவரியை அவள் எதிலும் கொடுக்கவில்லை. "நாளைக்கு நான் வேற வேலைன்னு போயிட்டா? இந்த மெயிலை மட்டும் அடுத்த ஆளுக்குக் கொடுத்தாப் போதும்" என்றாள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவளுக்கும் சொல்லித் தந்ததாகத் தெரியவில்லை. டொமைனைப் புதுக் கணக்குக்கு மாற்றினோம். கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் நீளமாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் உண்டாக்கிக் கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டாமா என்று கேட்டேன். கல்லூரி ஆய்வகத்தில் அதைச் சட்டமாக வைத்திருந்தவன் நான். கசிந்தால் ஒழிய மாற்றத் தேவையில்லை என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017லேயே வழிகாட்டுதலைத் திருத்திவிட்டது என்றாள். அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிப் போட்டுவிடுகிறார்கள். என் மாணவர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

கைப்பேசியிலிருந்து பதிவேற்றும் செயலிக்கு அவள் அட்மின் கடவுச்சொல்லைக் கொடுக்கவில்லை. 2020 டிசம்பரில் வந்த 5.6 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸே ஒவ்வொரு செயலிக்கும் இருபத்து நான்கு எழுத்தில் தனிக் கடவுச்சொல் தருகிறது. கைப்பேசி தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்யலாம். நான் சலித்துக்கொண்ட அந்த 'ஒவ்வொன்றுக்கும் தனித் தனி' என்பதை அவள் ஒரு வசதியாகவே பார்த்தாள்.

வரைபடம் ஒன்றுதான் மனதை வருத்தியது. காவிரிக் கரையில் சக்கரப் படித்துறை, பகவத் படித்துறை, டபீர் படித்துறை என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைத்து ஐயா அருகில் உட்கார்ந்து சரிபார்த்த வரைபடம் அது. 2007இல் அதற்கு வாங்கிய சாவி ஒரே டொமைனுக்குக் கட்டுப்பட்டது. சோதனைக்காக வேறு தளத்தில் போட்டபோது, இது வேறு தளத்துக்குப் பதிந்த சாவி என்று சொல்லி மறுத்தது. ஒழுங்கான சாவி அதுதான். 2018இல் அந்த வரைபடச் சேவையின் விதி மாறியது. கடன் அட்டை இணைத்த கணக்கு இருந்தால்தான் சாவி செல்லும். என்னிடம் கடன் அட்டை இல்லை. வரைபடம் மங்கி, ஆறு வருடமாக அப்படியே கிடந்தது. பேத்தி அதை ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கு மாற்றினாள். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய, ஊர் மக்களே சேர்ந்து வரையும் வரைபடம். அதைத் தளத்தில் காட்டச் சாவி எதுவும் கேட்கவில்லை. இரண்டு சிறு படித்துறைகள் அதில் இல்லாததால், மாலையில் தாத்தாவிடம் வழி கேட்டுக்கொண்டு போய், கரையில் நின்று அவளே சேர்த்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் அகிஸ்மெட். புதுக் கணக்கு, புதுச் சாவி. இன்றும் அதே பன்னிரண்டு எழுத்துதான். பழையதை அழித்துப் புதியதை ஒட்டினாள். சாய்வு நாற்காலியிலிருந்து ஐயா எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா அது?"

"சாவி தாத்தா. குப்பை வராம தடுக்குமே, அது."

"யார் பேர்ல?"

"உங்க பேர்ல!" என்று காதருகே குனிந்து உரக்கச் சொன்னாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பதினேழு வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியதை ஒரு சின்னப் பெண் அவர் எதிரில் செய்துகொண்டிருந்தாள். "மன்னிச்சுக்கங்க ஐயா. நான் அப்பவே பிரிச்சுக் கொடுத்திருக்கணும்" என்றேன். அவருக்குக் கேட்டதா தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த உ.வே.சா. படத்தைக் காட்டி, "இவரு இந்த ஊரு காலேஜுக்கு 1880ல வந்தாரு தம்பி. யார்கிட்ட எந்த ஏடு வாங்கினோம்னு முன்னுரையில ஒவ்வொருத்தர் பேரா எழுதி வச்சாரு. ஏடு அவங்களுது, அச்சுப்போட்டது நான்னு" என்றார். கேட்டிருக்கிறது.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. 3.0 பதிப்பு வரும்வரை வேர்ட்பிரஸில் முதல் பயனரின் பெயர் 'அட்மின்' என்றுதான் இருக்கும். நான் அதிலேயே நுழைந்து, அதிலேயே எழுதி ஏற்றினேன். ஐயாவுக்குத் தனி லாகின் ஒன்று உண்டாக்க ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். அவர் தட்டச்சு செய்யப் போவதில்லையே என்று விட்டுவிட்டேன். அதனால் 214 கட்டுரைக்கும் தலைப்பின் கீழே எழுதியவர் பெயர் அட்மின் என்றே இருந்தது. படிக்கிறவர்கள் பக்கத்தின் உச்சியில் இருக்கும் பெயரைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று இருந்தேன்.

பேத்தி, தாத்தாவுக்கு ஒரு பயனர் கணக்கு உண்டாக்கினாள். கடவுச்சொல்லை அவர் காகிதத்தில் எழுதிக் கொடுக்க, அவள் தட்டிவிட்டுக் காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு தன் கணக்கில் நுழைந்து, 'அட்மின்' என்ற பயனரை அழிக்கக் கட்டளை கொடுத்தாள். வேர்ட்பிரஸ் அழிக்கும் முன் ஒரு கேள்வி கேட்கும். இந்தப் பயனருக்குச் சொந்தமான உள்ளடக்கத்தை என்ன செய்வது? எல்லாவற்றையும் அழிப்பதா, அல்லது வேறொருவர் பெயருக்கு மாற்றுவதா?

"நீங்க அழுத்துங்க மாமா" என்று மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.

பெயர்ப் பட்டியலில் ஐயாவைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். இரண்டு நொடி. டபீர் படித்துறைக் கட்டுரையைத் திறந்து அவர் முன்னால் வைத்தோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தலைப்பையும் அதன் கீழிருந்த பெயரையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார்.

"இனிஷியல் விட்டுப்போச்சும்மா" என்றார்.